மனசு நிக்க மாட்டேங்குது

2025 ஜூன் மாதம் தமிழ்நாட்டின் கைபேசிகளில் எல்லாம் ஒரே ஊர்ப் பெயர் ஒலித்தது. "ஏங்க..." என்று இழுத்து அழைத்து, கூமாப்பட்டிக்கு வாங்க என்று ஓர் இளைஞர் போட்ட ரீல்கள், விருதுநகர் மாவட்டத்தில் வத்திராயிருப்புக்குப் பக்கத்தில் மலையடிவாரத்தில் நெல்வயலும் தென்னந்தோப்புமாகக் கிடந்த கிராமத்தைச் சில நாட்களிலேயே சுற்றுலாத் தலமாக்கிவிட்டன. வண்டி பிடித்து வந்தவர்கள் பிளவக்கல் அணைப் பக்கம் குவிந்தார்கள். குளிக்கவெல்லாம் அனுமதி இல்லை என்று அதிகாரிகள் சொல்ல வேண்டியதாயிற்று. வந்தவர்கள் தேடியது அப்படியொன்றும் பெரிதல்ல. கண்ணுக்குப் பச்சை, கொஞ்சம் தண்ணீர், ஒருநாள் நிம்மதி.

அங்கிருந்து மலைப் பக்கம் நிமிர்ந்து பார்த்தால் சதுரகிரி. தாணிப்பாறையில் தொடங்கும் ஏற்றத்தில் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கூட்டம் போகிறது. கோரக்கர் குகை, சட்டைமுனி குகை என்று வழிநெடுகச் சித்தர்கள் தவமிருந்ததாக நம்பப்படும் இடங்கள். ரீல் பார்த்து அணைக்கு வந்தவருக்கும், விரதமிருந்து மலைக்குப் போகிறவருக்கும் ஓர் எண்ணம் பொதுவானது: நிம்மதி என்பது ஓரிடத்தில் இருக்கிறது, அங்கே போய்விட்டால் கிடைத்துவிடும்.

போகட்டும், அதில் தவறில்லை. சிக்கல் திரும்பி வந்த பிறகுதான். ஊர் வந்து சேர்ந்த உற்சாகத்தில் மறுநாள் காலை பாயை விரித்துக் கண்ணை மூடி உட்கார்ந்தால், இரண்டாவது நிமிடத்தில் கரண்ட் பில், நான்காவது நிமிடத்தில் மச்சான் சொன்ன சொல், ஏழாவது நிமிடத்தில் கை தானாகக் கைபேசியைத் தேடுகிறது. ஒரு வாரம் பார்த்துவிட்டுப் பாயைச் சுருட்டி வைப்பவர்கள் எல்லோரும் சொல்வது ஒரே வாக்கியம்: மனசு நிக்க மாட்டேங்குது, தியானம் நமக்கு ஒத்து வராது.

மனசு நிற்காது. சித்தர் குகையில் உட்கார்ந்தாலும் நிற்காது. அது நின்றால்தான் தியானம் என்று எண்ணுவதுதான், நல்ல பயிற்சி ஒன்றைத் தொடங்கவிடாமல் செய்யும் முதல் தடை.

சும்மா இருப்பது மனிதருக்கு எவ்வளவு சிரமம் என்பதை வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் டிமோத்தி வில்சன் குழு 2014-இல் சயன்ஸ் இதழில் எழுதியது. காலி அறையில் 15 நிமிடம் தனியாக உட்கார வைத்தார்கள். புத்தகம் இல்லை, கைபேசி இல்லை. ஒரு பொத்தான் மட்டும் உண்டு, அழுத்தினால் மின் அதிர்ச்சி. இந்த அதிர்ச்சி வேண்டாம், தவிர்ப்பதற்குக் காசு கொடுக்கக்கூடத் தயார் என்று முன்பே சொன்னவர்களையே கணக்கில் எடுத்தார்கள். அப்படியும் 18 ஆண்களில் 12 பேரும், 24 பெண்களில் 6 பேரும் பொத்தானை அழுத்தினார்கள். தன் எண்ணங்களோடு தனியே இருப்பதைவிட மின்சாரம் தேவலை என்று பட்டிருக்கிறது.

ஹார்வர்டின் கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் இருவரும் 2010-இல் வேறு வழியில் அளந்தார்கள். 2,250 பேரின் ஐபோனுக்கு நேரங்கெட்ட நேரத்தில் கேள்வி அனுப்பினார்கள்: இப்போது என்ன செய்கிறீர்கள், மனம் அதில்தான் இருக்கிறதா? விழித்திருக்கும் நேரத்தில் 46.9 சதவீதம், மனம் செய்யும் வேலையில் இல்லை. கிட்டத்தட்டப் பாதி.

இதைச் சோம்பல் என்றோ பலவீனம் என்றோ சொல்ல முடியாது. மூளையின் கட்டமைப்பே அப்படி. 2001-இல் அமெரிக்க நரம்பியலாளர் மார்கஸ் ரெய்க்கிள் குழு ஒன்றைக் கவனித்தது. குறிப்பிட்ட வேலை எதுவும் இல்லாமல் ஸ்கேன் கருவிக்குள் படுத்திருப்பவரின் மூளையிலும் சில பகுதிகள் மும்முரமாக இயங்குகின்றன; வேலை கொடுத்ததும் அவை அடங்குகின்றன. பின்னாளில் டிஃபால்ட் மோட் நெட்வொர்க் என்று பிரபலமான இந்த வலைப்பின்னல், நேற்று நடந்ததையும் நாளை நடக்கப்போவதையும், "அவர் என்னைப் பற்றி என்ன நினைத்திருப்பார்" என்பதையும் கோத்துக்கொண்டே இருக்கிறது. திட்டமிடவும் பிறர் மனதை ஊகிக்கவும் இது தேவை. கண்ணை மூடியதும் இதற்குச் சுதந்திரம் கிடைத்துவிடுகிறது, அவ்வளவுதான். தியானத்தில் உட்கார்ந்தால் எண்ணம் அதிகமாக வருகிறதே என்று கலங்குகிறவர்கள், புதிதாக எதுவும் வரவில்லை, எப்போதும் ஓடுவது இப்போதுதான் காதில் விழுகிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு சிறியது. எமரி பல்கலைக்கழகத்தில் வெண்டி ஹாசென்காம்ப் 2012-இல் வெளியிட்டது. தியானப் பழக்கம் உள்ள 14 பேரை ஸ்கேனுக்குள் படுக்க வைத்து 20 நிமிடம் மூச்சைக் கவனிக்கச் சொன்னார். மனம் எங்கோ போய்விட்டது என்று தெரிந்த கணத்தில் ஒரு பொத்தானை அழுத்திவிட்டு மூச்சுக்குத் திரும்ப வேண்டும். அந்தப் பொத்தானை வைத்துக் காலத்தைப் பின்னோக்கியும் முன்னோக்கியும் பிரித்துப் பார்த்தபோது நான்கு கட்டங்கள் துலங்கின. மனம் அலையும்போது டிஃபால்ட் மோட் பகுதிகள். "அடடா, போய்விட்டேனே" என்ற கணத்தில், முக்கியமானதைச் சுட்டிக்காட்டும் வேறொரு வலைப்பின்னல். திரும்பி வரும்போதும் மூச்சில் தங்கும்போதும், கவனத்தைச் செலுத்துகிற முன்நெற்றிப் பகுதியும் அதன் கூட்டாளிகளும். இந்த வட்டம் 20 நிமிடத்துக்குள் திரும்பத் திரும்பச் சுழல்கிறது, பழகியவர்களுக்கும்கூட.

ஆக, உட்கார்ந்திருக்கும் நேரத்தில் உண்மையில் பயிற்சி பெறுவது எது? அமைதியாகக் கழியும் நிமிடங்களைவிட, போய்விட்டேன் என்று கண்டுபிடிக்கும் அந்தக் கணம்தான் என்பது என் கட்சி. வத்திராயிருப்புப் பக்கம் நெல் போடுகிறவர்களுக்கு நண்டு வளை தெரியும். வரப்பில் நண்டு துளை போட்டால் தண்ணீர் சத்தமில்லாமல் அடுத்த வயலுக்குப் போய்விடும். புதுசாக விவசாயத்துக்கு வந்தவர் தன் வயல் காய்ந்த பிறகு பார்ப்பார். பழகினவர் வரப்பில் நடக்கும்போதே கசிவைக் கண்டு ஒரு காலால் சேற்றை மிதித்து அடைத்துவிட்டுப் போவார். நண்டு இருவருக்கும் உண்டு.

இந்தக் கண்டுபிடிப்புக்கு ஸ்கேன் கருவி தேவைப்படாத ஒருவர் இதே விருதுநகர் மாவட்டத்துக்காரர். திருச்சுழியில் 1879 டிசம்பர் 30 அன்று பிறந்த வேங்கடராமன், 1896-இல் மதுரையில் ஏற்பட்ட மரண அனுபவத்துக்குப் பின் திருவண்ணாமலைக்குப் போய் ரமணர் ஆனார். வருவாய்த் துறையில் வேலை பார்த்த சிவப்பிரகாசம் பிள்ளை 1902-இல் கேட்ட கேள்விகளும் அவற்றுக்கு அவர் தந்த பதில்களும்தான் 'நான் யார்?' என்ற சிறுநூலின் அடிப்படை. அதில் அவர் காட்டும் வழி, எண்ணங்களைத் துரத்தச் சொல்வதில்லை. ஓர் எண்ணம் எழுந்தால் இது யாருக்கு எழுந்தது என்று விசாரிக்கச் சொல்கிறார். எத்தனை எண்ணம் எழுந்தாலும் பரவாயில்லை, ஒவ்வொன்றும் விசாரணைக்கு ஒரு வாய்ப்பு என்கிற தொனி. அவருடைய ஆன்மிக முடிவுகளை நரம்பியல் நிரூபித்துவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது இரண்டுக்கும் மரியாதை ஆகாது. ஆனால் கவனச்சிதறலை எதிரியாக்காமல் பயிற்சிக்கான பொருளாக்குவது என்ற செய்முறை இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

நடைமுறைக்கு வருவோம். வெறுமனே மூச்சைக் கவனி என்றால் தொடக்கத்தில் பிடி கிடைக்காது. எண்ணுங்கள். மூச்சு வெளியே போகும் ஒவ்வொரு முறையும் ஒன்று, இரண்டு என்று 9 வரை, பிறகு மறுபடி ஒன்று. ஜென் மடங்களில் 10 வரை எண்ணும் வழக்கம் வெகுகாலமாக இருக்கிறது. விஸ்கான்சின் பல்கலைக்கழகக் குழு ஒன்று 2014-இல் இதையே அளவுகோலாக்கியது: 1 முதல் 8 வரை ஒரு பொத்தான், 9-க்கு வேறு பொத்தான். சரியாக எண்ணியவர்கள் மனம் அலைவது குறைவாக இருந்தது. நான்கு வாரப் பயிற்சியில் எண்ணும் திறன் கூடியது. நமக்குப் பொத்தான் வேண்டாம். 14-இல் போய் நின்றால், அல்லது எண்ணே தொலைந்துபோனால், போய்விட்டோம் என்று தானே தெரிந்துவிடும். சலித்துக்கொள்ளாமல் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டியதுதான். முதல் சில வாரம் இது அடிக்கடி நடக்கும், போகப்போக இன்னும் அதிகமாக நடப்பதுபோலத் தோன்றும். கசிவைக் கண் பார்க்கத் தொடங்கிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம்.

மூச்சையே ஏன் பிடித்துக்கொள்ள வேண்டும்? எப்போதும் கூடவே இருக்கிறது என்பது ஒரு காரணம். உடலியல் காரணமும் உண்டு. மணிக்கட்டில் நாடியைத் தொட்டுக்கொண்டு மெதுவாக மூச்சை இழுத்து விட்டுப் பாருங்கள். இழுக்கும்போது துடிப்பு சற்று விரைவதும், விடும்போது தளர்வதும் பலருக்குக் கையிலேயே தெரியும். மூச்சு வெளியேறும்போது வேகஸ் நரம்பின் பிடி இதயத்தின் மேல் கூடுகிறது. எனவே வெளிமூச்சு நீளும்போது உடல் அடங்குகிறது. 2001-இல் இத்தாலியின் லூசியானோ பெர்னார்டி குழு, பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அழகான ஒன்றை எழுதியது. 23 பேரை லத்தீனில் ஜெபமாலை சொல்ல வைத்தார்கள், பிறகு ஒரு யோக மந்திரத்தைச் சொல்ல வைத்தார்கள். இரண்டிலுமே மூச்சு நிமிடத்துக்குச் சுமார் ஆறாக இறங்கியது. இரத்த அழுத்தத்தைச் சமன்செய்யும் உடலின் இயல்பான ஏற்ற இறக்கமும் பத்து விநாடிக்கு ஒருமுறைதான் என்பதால் இரண்டும் ஒத்திசைந்து, சமன்செய்யும் அந்த அனிச்சைச் செயல் வலுப்பட்டது. சர்ச்சிலும் மடத்திலும் மனிதர்கள் தெரியாமலே ஒரே தாளத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். பாராயணம் செய்யும் பாட்டியிடம் போய் தியானம் கற்றுக்கொள்ளுங்கள் என்று சொல்லத் தேவையில்லை போலிருக்கிறது.

உட்கார்ந்து கவனிப்பது பிடிக்கவில்லை என்றால் மூச்சை மட்டும் வைத்தும் தொடங்கலாம். ஸ்டான்ஃபோர்டில் 2023-இல் வெளிவந்த ஒப்பீடு ஒன்றில், ஒரு மாதம் தினமும் 5 நிமிடம் சிலர் மூச்சைச் சும்மா கவனித்தார்கள்; சிலர் இரண்டு முறை இழுத்து ஒரு நீண்ட பெருமூச்சாக விட்டார்கள். இரண்டு குழுவிலும் பதற்றம் குறைந்தது. மனநிலை உற்சாகமானது பெருமூச்சுக்காரர்களுக்குத்தான் கூடுதல்.

அடுத்த புகார் சத்தம். சத்திரப்பட்டியில் மருத்துவத் துணி நெய்யும் விசைத்தறிக்குப் பக்கத்து வீட்டில் இருப்பவர் அமைதியான அறைக்கு எங்கே போவார்? இதற்கு ஒரு பழைய விவாதம் உதவும். 1961-இல் டெல்லி எய்ம்ஸில் ஆனந்த், சின்னா, பல்தேவ் சிங் மூவரும் சமாதியில் இருந்த யோகிகளின் மூளை அலைகளைப் பதிவு செய்தார்கள். வெளிச்சம், பெருஞ்சத்தம், சூடான கண்ணாடியின் தொடுகை எதற்கும் அவர்களுடைய ஆல்ஃபா அலை கலையவில்லை. இருவர் 4 டிகிரி செல்சியஸ் தண்ணீரில் கையை 45 நிமிடத்துக்கு மேல் வைத்திருந்தார்கள். 1966-இல் ஜப்பானில் கசாமட்சுவும் ஹிராயும் ஜென் துறவிகளிடம் இதற்கு நேர்மாறானதைக் கண்டார்கள். திரும்பத் திரும்ப வரும் கிளிக் ஒலிக்குச் சாதாரண மனிதரின் மூளை சலித்து அடங்கிவிடும். துறவிகளின் மூளையோ ஒவ்வொரு கிளிக்கையும் முதல் கிளிக்போலவே கேட்டது. யோகி உலகை அடைக்கிறார், ஜென் துறவி உலகுக்குத் திறக்கிறார் என்று பல ஆண்டுகள் இதை வைத்துக் கட்டுரை எழுதினார்கள். 1981-இல் பெக்கரும் ஷபிரோவும் இன்னும் ஒழுங்காகச் செய்து பார்த்தபோது குழுக்களுக்கிடையே அந்த வித்தியாசமே தென்படவில்லை. தறிக்குப் பக்கத்து வீட்டுக்காரருக்கு இதிலிருந்து கிடைப்பது இவ்வளவுதான்: சத்தம் கேட்காமல் போவது தேர்ச்சிக்கு அடையாளமல்ல. மூச்சுக்குப் பதிலாகத் தறிச் சத்தத்தையே கவனப் பொருளாக வைத்துக்கொள்ளலாம். போவதும் திரும்புவதும் அதிலும் நடக்கும்.

அந்த எய்ம்ஸ் ஆய்வின் காலத்தில் நடந்த இன்னொரு பரிசோதனை, இன்றைய யூடியூப் குருமார்களுக்குப் பாடமாக வைக்கத் தகுந்தது. இதயத்தை நிறுத்திக் காட்டுவதாகச் சொன்ன யோகிகளை வெங்கர், பாக்சி, ஆனந்த் மூவரும் கருவியோடு சோதித்தார்கள். நாடி கையில் அகப்படவில்லை, ஸ்டெதஸ்கோப்பில் ஒலி மங்கியது. ஆனால் இசிஜி தாளில் இதயம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. மூச்சைப் பிடித்து நெஞ்சையும் வயிற்றையும் இறுக்கியதில் நேர்ந்த விளைவு அது. யோகிகள் பொய் சொன்னார்கள் என்று அர்த்தமில்லை. அவர்களுக்கே அப்படித் தெரிந்திருக்கும். உடலின் மேல் கிடைக்கும் அசாதாரணக் கட்டுப்பாடு ஒன்று, அதற்குச் சொல்லப்படும் விளக்கம் வேறொன்று.

விஞ்ஞானிகளும் இதில் விழுந்திருக்கிறார்கள். எட்டு வாரத் தியானத்தில் மூளையின் சாம்பல்நிறப் பகுதி அடர்த்தியாகிறது என்று 2011-இல் வந்த ஆய்வு உலகம் சுற்றியது. அதில் தியானம் பழகியவர்கள் 16 பேர். 2022-இல் விஸ்கான்சின் குழு 218 பேரை வைத்து, தக்க ஒப்பீட்டுக் குழுவோடு பார்த்தபோது, எட்டு வாரத்தில் அப்படிப்பட்ட மாற்றம் எதையும் காணவில்லை. நோய் தீர்க்கும் பலன் என்று பார்த்தால், 2014-இல் ஜாமா இன்டர்னல் மெடிசின் இதழ் 47 பரிசோதனைகளை, 3,515 பேரை, தொகுத்துப் பார்த்தது. பதற்றம், மனச்சோர்வு, வலி மூன்றிலும் மிதமான சான்றோடு சிறிய அளவிலிருந்து நடுத்தர அளவிலான நன்மை. மருந்தையோ உடற்பயிற்சியையோவிட மேலானது என்பதற்குச் சான்று இல்லை. சுமார்தான். ஆனால் செலவில்லாத ஒன்றுக்கு இந்தச் சுமாரே கணிசம் என்று எனக்குப் படுகிறது.

எவ்வளவு நேரம்? 2019-இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் தியானமே தெரியாதவர்களுக்குத் தினமும் 13 நிமிடம் கொடுத்தார்கள். நான்காவது வாரம் அளந்தபோது ஒன்றுமில்லை. எட்டாவது வாரம் கவனமும் நினைவும் மேம்பட்டு, பதற்றம் குறைந்திருந்தது. சிறிய ஆய்வுதான், 13 என்ற எண்ணில் மந்திரமும் இல்லை. ஆனால் மூன்றாவது வாரத்தில் பாயைச் சுருட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டியது. ஞாயிறு ஒருநாள் ஒன்றரை மணி நேரம் என்று வீரம் காட்டுவதைவிடத் தினம் பத்து நிமிடம் மேல்.

பழக்கம் எப்போது ஒட்டும் என்பதற்கு லண்டனில் பிலிப்பா லாலி குழு 2010-இல் விடை தேடியது. சராசரி 66 நாள். ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை. நடுவில் ஒருநாள் விட்டுப்போனதால் பெரிய நட்டமில்லை என்பதும் அதே ஆய்வின் முடிவு. அதில் பங்கேற்றவர்கள் செய்தது, ஏற்கெனவே தினமும் நடக்கும் ஒன்றோடு புதியதைக் கட்டிப்போட்டது. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு இதை யாரும் போய்ச் சொல்ல வேண்டியதில்லை. மார்கழி, விடியலுக்கு முன், திருப்பாவையில் நாளொன்றுக்கு ஒரு பாசுரம், மொத்தம் முப்பது. எந்த நேரம், எங்கே, எவ்வளவு, யாரோடு என்று எதையும் அன்றன்று முடிவு செய்ய வேண்டாத அமைப்பு. ராஜபாளையம் நூற்பாலையில் ஷிப்ட் மாறிமாறி வேலை பார்ப்பவருக்குக் காலை ஐந்து மணி என்று சொல்வது அபத்தம். அவருக்குக் கடிகாரத்தைவிடச் செயல்தான் கொக்கி. வேலை முடிந்து குளித்ததும், சாப்பாட்டுக்கு முன்னால். எந்த ஷிப்டிலும் குளியல் உண்டு.

சம்மணம் கட்டாயமில்லை. முட்டி வலிக்கிறவர் நாற்காலியில் உட்காரலாம். கால் தரையில் பதிந்து, முதுகு சாயாமல் இருந்தால் சரி. உட்கார்ந்ததும் தூக்கம் வருகிறது என்றால் அது ஆன்மிகச் சிக்கல் அல்ல, தூக்கக் கடன். முதலில் தூங்குங்கள். கைபேசியை அடுத்த அறையில் வையுங்கள், தியானச் செயலி உட்பட. பத்து நிமிடம் பார்க்கச் சுவர்க் கடிகாரம் போதும்.

கடைசியாக, தியான முகாம்களில் அதிகம் சொல்லாத ஒன்று. தியானம் எல்லோருக்கும் எப்போதும் இதமாக இருப்பதில்லை. 2020-இல் ஃபாரியாஸ் குழு 83 ஆய்வுகளைத் தொகுத்தபோது, 6,700-க்கும் மேற்பட்டவர்களில் சுமார் 8 சதவீதம் பேருக்குப் பாதகமான அனுபவங்கள் பதிவாகியிருந்தன. பதற்றமும் மனச்சோர்வும்தான் முதலிடத்தில். மற்ற மனநலச் சிகிச்சைகளில் பதிவாகும் பாதிப்புக்கு ஏறத்தாழச் சமமான அளவு என்பதால் பயந்து ஓட வேண்டாம், தெரிந்திருந்தால் போதும். பெரிய அதிர்ச்சியையோ வன்முறையையோ கடந்து வந்தவருக்குக் கண்ணை மூடினால் அதுவே முன்னால் வந்து நிற்கலாம். அவர் கண்ணைத் திறந்துகொண்டு, பாதம் தரையில் படுவதைக் கவனித்தபடி நடக்கலாம். நடையும் முறையான பயிற்சிதான். பத்துநாள் மௌன முகாமை முதல் அனுபவமாக வைத்துக்கொள்ள வேண்டாம். மனநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர் மருத்துவரிடம் சொல்லிவிட்டே தொடங்க வேண்டும். தியானம் செய்தால் மாத்திரையை நிறுத்தலாம் என்று எவர் சொன்னாலும் அவரிடமிருந்து எழுந்து வந்துவிட வேண்டும். உட்காரும்போது நெஞ்சு படபடத்து, உலகமே நிஜமில்லாததுபோலத் தோன்றி, எழுந்த பிறகும் அது விடவில்லை என்றால் பயிற்சியை நிறுத்திவிட்டுப் பேச ஓர் ஆளைத் தேடுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416 இரவு பகல் எந்நேரமும் இயங்குகிறது, தமிழிலும் பேசலாம், கட்டணமில்லை.